போன் நாய்க்குப் பரம்பரை பாக்கிற பேராண்டிக்கு

பேராண்டி, "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்ல"ன்னு உன் பாட்டி என்னையப் பாத்துத்தான் சொல்லுவா. நீ வளக்கிற நாய்க்கு அந்தப் பழமொழி செல்லாது. அதுக்கு நிக்கிறதே வேலை. நாலு காலையும் அளந்து வச்சு, கழுத்த நிமித்தி, வால நீட்டி போன் கண்ணாடிக்குள்ள அது பாட்டுக்கு நிக்குது. நின்னதுக்கு ரிப்பன் குடுக்கிறான், கோப்பை குடுக்கிறான், பேருக்கு முன்னால 'சாம்பியன்'னு பட்டமும் போடுறான். நானும்தான் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்துல விடிஞ்சா விடிஞ்சா நின்னேன். எனக்குப் பட்டம் வேணாம், கூலிக்கு அரைப்பேரு போடாம முழுப்பேரு போட்டாப் போதும்னு நின்னேன்.

மூஞ்சியத் தூக்காத. வெளையாட்ட விட்டுடுன்னு சொல்ல நான் வரல. அத உங்க ஆத்தா சொல்லட்டும், அவ கொழுந்து பறிச்ச காசுலதானே நீ ரீலோட் போடுற. நான் வந்தது, இதுல எப்படி ஜெயிக்கிறதுன்னு சொல்லித் தர. சிரிக்காதடா. டியூசன்னு சொல்லிக் கண்டி டவுனுக்குப் போற பஸ்ஸுல, பேராதெனிய பாலம் தாண்டுற வரைக்கும் தலையத் தூக்காம நாய்க்குப் பொண்ணு பாக்கிற உனக்கு போன் தெரியும். நாய் எனக்குத் தெரியும்.

நான் பங்களாவுல நாய்ப் பையனா இருந்தவன். தொரைக்குக் கறுப்பு லேப்ரடார், தொரசாணிக்கு காக்கர் ஸ்பேனியல். ரெண்டுக்கும் எறைச்சி வாங்கக் கண்டி மார்க்கெட்டுக்கு ஆள் போவான். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுபோறதுன்னா அதுக்கு ரொம்ப முன்னாலேயே எனக்கும் நாய்க்கும் பழக்கம் தொடங்கிரும். புல்லுத் தரையில மண்டி போடணும். முன்னங்கால் ரெண்டையும் தோளுக்கு நேர் கீழ வைக்கணும். பின்னங்கால்ல கணுவுக்குக் கீழ உள்ள எலும்பு தரைக்கு நெட்டுக்குத்தா நிக்கணும். ஒரு கை தாடைக்குக் கீழ, ஒரு கை வாலுக்கு. சட்டைப் பையில காய வச்ச ஈரல் துண்டு. நாய் பாக்கிறது ஈரல. அது என்னமோ தன் வம்சப் பெருமைய நெனச்சுக் கண்ணு மின்ன நிக்குதுன்னு ஜட்ஜு எழுதிக்குவாரு.

அந்த ஜட்ஜு சும்மா பாத்துட்டுப் போக மாட்டாரு. ஒதட்டத் தூக்கிப் பல்லு பாப்பாரு. விலாவத் தடவுவாரு. முதுக வழிச்சுப் பாப்பாரு. கடுவன்னா பின்னால கைய விட்டு, ரெண்டும் எறங்கியிருக்கான்னும் பாப்பாரு. ஒன்னு கொறஞ்சாலும் வெளிய. அப்புறம் நேரா ஓடி நேரா வரணும், முக்கோணமா ஒரு சுத்து சுத்தணும். நாய்க்குக் கூச்சம் இருக்கோ இல்லையோ, பக்கத்துல கயிறு புடிச்சு நின்ன எனக்கு இருந்துச்சு. உன் போன்ல இந்தத் தடவுற சோதனை எல்லாம் இல்ல. தலைக்கு 92, காதுக்கு 88, நடைக்கு 95ன்னு நம்பர் போட்டு முடிச்சிடுறான். மானம் மருவாதியான எடம்.

ஆனா ஒரு சங்கதி கேளு. நெசமான ஷோவுலயும் ஜட்ஜு ஒரு நாய இன்னொரு நாயோட ஒப்பிடுறது இல்ல. அந்தந்தச் சாதிக்கு இப்படித்தான் இருக்கணும்னு காகிதத்துல எழுதி வச்ச ஒரு நாய் இருக்கு. தலை இவ்வளவு, காது இந்த எடத்துல, வால் இந்த ஒசரத்துலன்னு. எந்த நாய் அந்தக் காகித நாய்க்குக் கிட்ட வருதோ அதுக்குப் பரிசு. அந்தக் காகித நாய் ஒலகத்துல எங்கயும் பொறந்ததும் இல்ல, கொலைச்சதும் இல்ல. அப்ப இல்லாத நாயை வளக்கிற பைத்தியத்தை நீ புதுசா கண்டுபுடிக்கல. வெள்ளக்காரன் 1859லயே இங்கிலாந்துல நியூகாசில் டவுன்ல தொடங்கிட்டான். அதுதான் மொத நாய் ஷோன்னு சொல்றாங்க. பாயின்டரும் செட்டரும் மட்டும் வந்துச்சுக, பரிசா துப்பாக்கி குடுத்தாங்க. 1873ல லண்டன்ல கென்னல் கிளப். 1891ல க்ரஃப்ட்ஸ் ஷோ. அத நடத்துன சார்லஸ் க்ரஃப்ட் யாருன்னு நெனக்கிற? நாய்க்குப் பிஸ்கட் விக்கிற ஸ்ப்ராட் கம்பெனியில வேலை பாத்தவரு. இன்னைக்கு உன் வெளையாட்டுக்குள்ள தங்கக் காசு விக்கிறவனுக்கு அவரு பெரியப்பன்.

நீ ராத்திரி கண்ணு முழிச்சு எழுதுறியே 'பெடிக்ரி', அதைப் பத்தி எனக்குச் சொல்லித் தராத. பங்களா லேப்ரடாருக்கு அப்படி ஒரு காகிதம் இருந்துச்சு. கணக்கப்புள்ள ஒருநாள் படிச்சுக் காட்டினாரு. அப்பன் பேரு, ஆத்தா பேரு, அவங்களப் பெத்தவங்க, அவங்களுக்கும் மேல. மூணு தலைமுறை, எல்லாம் சீமையில பொறந்ததுக. அந்த நாய் இந்த மண்ணுல இருக்கலாமான்னு ஒருத்தன் கேக்கல. அதே காலத்துல கீழ லயத்துல எங்கப்பன்கிட்ட காகிதம் கேட்டாங்க. 1948ல வந்த குடியுரிமைச் சட்டத்துப்படி, இங்க பொறந்தவனா இருந்தாலும் அப்பன் இங்க பொறந்திருக்கணும். இல்லாட்டி அப்பனோட அப்பனும், அவரப் பெத்தவரும் இங்க பொறந்திருக்கணும். அத எழுத்துல காட்டணும். லயத்துக் காம்பராவுல எழுத்து எங்கடா இருக்கு? பேர்ச்சிட்டத் தவிர வேற காகிதம் பாத்ததில்ல எங்கப்பன்.

1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து, காகிதம் இல்லாத நம்ம சனத்தைக் கணக்குப் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேரு. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு எடுத்து வச்சாங்க. அந்த மிச்சத்தைப் பாதிப் பாதியா பங்கு போட 1974 ஆச்சு. எஞ்சியிருந்த நம்ம சனத்துக்கு முழுசா காகிதம் குடுக்க 2003ல இன்னொரு சட்டம் தேவைப்பட்டுச்சு. லேப்ரடார் அதுக்குள்ள எப்பவோ செத்து, பங்களா தோட்டத்துல கல்லு நட்டு, பேரும் வருசமும் வெட்டி வச்சிருந்தாங்க. அதனாலதான் நீ "தாத்தா, என் நாய்க்கு அஞ்சு தலைமுறை சுத்தம்"னு குதிக்கிறப்ப எனக்குச் சிரிப்பு வருது. உனக்கு ரெண்டு தலைமுறைக்கு மேல காகிதம் இல்லடா மவனே. நாய்க்காவது இருக்கட்டும்.

சரி, வெளையாட்டுக்கு வருவோம். இது எங்க இருந்து வந்துச்சுன்னு நீயே ஒருநாள் படிச்சுச் சொன்ன கதைதான், எனக்கு மறக்கல. அமெரிக்காவுல ராப் ஃபுலாப்னு ஒருத்தரு. 'நைட் டிராப்'னு ஒரு வீடியோ கேமுல அவருக்குப் பங்கு. 1992ல வந்துச்சு. புள்ளைகளக் கெடுக்குதுன்னு அடுத்த வருசமே செனட் சபை வரைக்கும் போயி நாறிப் போச்சு. மனுசனுக்கு வெக்கமாப் போயி, இனி யாருமே குத்தம் சொல்ல முடியாத ஒன்னச் செய்யணும்னு, கடைத்தெருவுல கிறிஸ்மஸ் தாத்தா வேசம் போட்டவருகிட்ட, புள்ளைக எதைத்தான் அதிகமா கேக்குதுன்னு கேட்டாராம். நாய்க்குட்டின்னு பதில். 1995ல பி.எஃப். மேஜிக் கம்பெனி கம்ப்யூட்டருக்குள்ள 'டாக்ஸ்'னு நாய்க்குட்டிய விட்டுச்சு. பாத்தியா, தாத்தாமாருகிட்ட புத்தி கேட்டவன் கெட்டுப் போகல.

அந்த நாயோட ஒடம்பு பூராவும் உருண்டை. தலைக்கு ஒரு உருண்டை, மூக்குக்கு ஒன்னு, வாலுக்கு வரிசையா நாலஞ்சு. லேப்ரடார், டால்மேஷியன், கிரேட் டேன், பூடில், சிவாவா, புல்டாக்னு சாதி வச்சாங்க. சாதியில்லாத நாய் ஒன்னையும் சேத்தாங்க, அது அவங்க புண்ணியம். 1998ல வந்த மூணாவது பதிப்புல கடுவனையும் பெட்டையையும் சேத்துக் குட்டி எடுக்கலாம்னு ஆச்சு. அவ்வளவுதான், சனம் கெட்டுப்போச்சு. நாயைச் சரியா நிக்க வச்சு, அந்த நிமிசத்தைப் படம் புடிச்சு, ஒருத்தருக்கொருத்தர் அனுப்பி, அதுக்கு ஜட்ஜு, அதுக்குப் பட்டம், அதுக்குப் பரம்பரை ஏடு. கம்பெனி சொல்லாத வேலை, சனம் தானா இழுத்துப் போட்டுக்கிட்டது. கம்பெனி குடுத்த சாதி போதாதுன்னு வெளையாட்டோட ஃபைலத் தொறந்து எண்ண மாத்தி, உருண்டையப் பெருசாக்கிச் சிறுசாக்கி, புதுச்சாதி உண்டாக்கினவங்களும் உண்டு. மனுசன் கையில ரெண்டு நாய் குடுத்தா மூணாவதா ஒரு சாதியக் கண்டுபுடிச்சிருவான்.

இப்ப ஜெயிக்கிற வழி. மொதல்ல பேரு. நீ வச்சிருக்க பேரு 'டைகர்'. நெசத்துலயும் பொய்யிலயும் அந்தப் பேருக்குப் பரிசு கெடைக்காது. சாம்பியன் நாய்க்குப் பேரு வாசிக்கவே ஒரு மூச்சு வேணும். 'ஹந்தானை மூடுபனி சந்திரோதயம் ஆஃப் மகாவலி'ன்னு வையி. வீட்டுல கூப்பிட 'ராமு' போதும்.

ரெண்டாவது, ஒரே கடுவனைக் கட்டிக்கிட்டு அழாத. நீ பண்றத நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பட்டம் வாங்கின ஒரு கடுவன், அதையே அதோட மகளுக்கும் சேக்கிற, பேத்திக்கும் சேக்கிற. கேட்டா 'லைன் பிரீடிங்'னு வெள்ளக்காரன் பேரு சொல்ற. குட்டிக்கு நம்பர் ஏறுது, வாஸ்தவம். ஆனா சிவால் ரைட்னு ஒரு அமெரிக்கக்காரரு 1922லயே இதுக்குக் கணக்குப் போட்டு வச்சிருக்காரு. அண்ணன் தங்கச்சிய சேத்தா குட்டிக்கு 4ல 1 பங்கு. அப்பன் மகளுக்கும் அதே 4ல 1. ஒரே அப்பன், வேற வேற ஆத்தான்னா 8ல 1. அந்தப் பங்குல ரெண்டு பக்கத்துச் சரக்கும் ஒரே எடத்துல இருந்து வந்ததா இருக்கும், மறைஞ்சு கெடக்கிற கோளாறு அங்கதான் வெளிய வரும்.

இதுல நமக்கு எளக்காரம் பேசத் தகுதி இல்ல, தெரிஞ்சுக்க. அக்கா மகளக் கட்டினா புள்ளைக்கு அதே 8ல 1. மாமன் மக, அத்த மகன்னா 16ல 1. உன் பாட்டி எனக்கு அத்த மக. அந்த 16ல ஒன்னு எந்தப் புள்ளகிட்ட போச்சுன்னு எனக்குத் தெரியும், உன் சித்தப்பன் காதுல விழப்போகுது, சொல்லல. இங்கிலாந்துக் கென்னல் கிளப்பே 2009ல இருந்து அப்பன் மக, ஆத்தா மவன், அண்ணன் தங்கச்சிக் குட்டிகளப் பதிவு பண்ண மாட்டோம்னு சொல்லிருச்சு. அதுக்கு முந்தின வருசம் பி.பி.சி. ஒரு படம் எடுத்து மானத்தை வாங்கினதுதான் காரணம். ரோசம் வந்த பி.பி.சி. க்ரஃப்ட்ஸ் ஷோவக் காட்டுறதையும் நிறுத்திடுச்சு. நாய்க்காரன் மெதுவாத்தான் திருந்துவான், ஆனா டி.வி.யில வந்தா கொஞ்சம் வேகமா திருந்துவான்.

உன் வெளையாட்டால எனக்கும் ஒரு நல்லது நடந்துச்சு, அதையும் சொல்லிடுறேன். அந்தக் கறுப்பு லேப்ரடாருக்குப் பெட்டை தேடி, பக்கத்துத் தோட்டத்து பங்களாவுல இருந்து இன்னொரு கறுப்பு லேப்ரடாரக் கொண்டு வந்தாங்க. காவல் என் பொறுப்பு. குட்டி போட்டுச்சு. எல்லாம் கறுப்பு, ரெண்டு மட்டும் சாக்லேட். தொரை என்னைய இஸ்தோப்புல நிக்க வச்சு, "லயத்து நாய உள்ள விட்டது நீதானே"ன்னு ஏசின ஏச்சு இன்னும் காதுல இருக்கு. நானும், என் கண்ணுக்குத் தெரியாம வேலி தாண்டிருச்சோன்னு நம்பிட்டேன். போன மாசம் நீ உன் நாய் வயித்துக்குள்ள இருக்க எழுத்தையெல்லாம் எனக்குக் காட்டின பாரு, பெரிய பீ, சின்ன பீன்னு. அப்பனும் கறுப்பு, ஆத்தாளும் கறுப்பு, ஆனா ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள சாக்லேட்ட மறைச்சு வச்சிருந்தா நாலுல ஒரு குட்டி சராசரியா சாக்லேட்டா வரும்னு சொன்ன. அப்ப வேலியும் தாண்டல, லயத்து நாயும் வரல. தொரையோட சுத்த ரத்தம்தான் அப்படிப் பண்ணியிருக்கு. இத்தனை காலம் கழிச்சு உன் போன் எனக்கு விடுதலை குடுத்துச்சு. தொரை இருந்தா காட்டியிருப்பேன். 1975ல தோட்டத்தை அரசாங்கம் எடுக்கிறதுக்கு முன்னாலேயே அவரு கப்பல் ஏறிட்டாரு.

மூணாவது பாடம் கொஞ்சம் பெருசு: வெளி ரத்தத்தக் கண்டு பயப்படாத. நீ உசுரா வளக்கிற அந்தப் புள்ளி நாய், டால்மேஷியன். அந்தச் சாதி முழுக்க ஒரு கோளாறு. மத்த நாய்க உடைச்சு வெளியேத்துற யூரிக் அமிலத்த இது அப்படியே மூத்திரத்துல விடும். கல்லு கட்டும், அடைக்கும். பட்டம் வாங்கினதுக்கும் அதே, வாங்காததுக்கும் அதே, ஏன்னா சுத்த சாதியில நல்ல பிரதியே மிச்சம் இல்ல. ஊத்த அடைச்சுட்டு அதே கெணத்துத் தண்ணிய எறைச்சு எறைச்சு அதுலயே ஊத்துற மாதிரி ஆகிப்போச்சு. ராபர்ட் ஷைப்ளேன்னு ஒரு மரபணு விஞ்ஞானி 1973ல ஒரே ஒருக்கா பாயின்டரோட சேத்தாரு. பொறந்த குட்டிகள்ல நல்லதப் பாத்து, திரும்பத் திரும்ப டால்மேஷியனோடயே சேத்தாரு. அஞ்சாம் தலைமுறையில பாயின்டர் ரத்தம் 32ல ஒரு பங்கு. பாத்தா முழு டால்மேஷியன், மூத்திரமும் சுத்தம். 1981ல அமெரிக்கன் கென்னல் கிளப் ரெண்டு நாயப் பதிவும் பண்ணுச்சு. ஒடனே சாதிக்காரங்க கூட்டம் கூடி, கலப்பு கலப்புன்னு கத்தி நிறுத்திட்டாங்க. மறுபடி கதவு தொறந்தது 2011ல. கல்லு அடைச்ச நாயக் கேட்டிருந்தா அன்னைக்கே சரின்னு சொல்லியிருக்கும். கூட்டத்துல அதுக்கு ஓட்டு இல்ல.

நம்ம பக்கத்து ராஜபாளையம் நாயவும் விடாத. இந்தியாவுல 2005ல தபால் தலையே போட்டாங்க. பால் வெள்ளை ஒடம்பு, ரோஸ் மூக்கு. அந்த வெள்ளைக்கு ஆசைப்பட்டு ஆசைப்பட்டு எடுத்ததுல காது கேக்காத குட்டிக நெறையப் பொறக்குது. காவலுக்கு வளத்த நாய்க்குத் திருடன் வர்றது கேக்காது. ஆனா திருடன் கண்ணுக்கு லச்சணமா இருக்கும்.

இங்க மலைநாட்டுக்கு நாய்ப்பட்டாளம் வந்த கதைய உங்க பாடப்புத்தகத்துல போட மாட்டான். சாமுவேல் பேக்கர்னு ஒரு தொரை. பின்னால நைல் நதி மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவுக்குப் போனாரே, அவருதான். 1848ல சீமைப் பசு, காளை, குதிரை, ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்க்கூட்டம் எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்து, இந்த மலைப் பாதையில ஏத்தி நுவரெலியாவுல எறக்கினாரு. றம்பொடைக் கணவாயில வண்டியும் குதிரையும் பள்ளத்துல போனது தனிக்கதை. மரை வேட்டைக்குத்தான் அத்தனை நாயும். சுத்த வம்சத்து ஃபாக்ஸ்ஹவுண்ட நம்ம காட்டுல விட்டுப் பாத்தாரு. மரை ஆத்துக்குள்ள எறங்கி நிக்கும். பக்கத்துப் பத்தையில சிறுத்தை ஒக்காந்திருக்கும், கூட்டத்துல இருந்து பிரிஞ்ச நாய அது தூக்கிரும். காட்டுக்குப் பெடிக்ரி வாசிக்கத் தெரியாதுல்ல. கடைசியில அவரு கூட்டத்துல பிளட்ஹவுண்ட் கலப்பு, ஆஸ்திரேலியாவுல கங்காரு வெரட்டுற நாய், எல்லாம் கலந்து நின்னுச்சுக. 1854ல 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்'கிற பொருள்ல தலைப்பு வச்சு ஒரு புத்தகமும் போட்டாரு. நாயோட வீரத்தை எழுதினவரு, நாய்க்குச் சோறு வச்சவன் பேர எழுத மறந்திருப்பாரு, அதெல்லாம் சகஜம்.

காட்டுக்கு மட்டுமில்ல, சாமிக்கும் பெடிக்ரி தேவையில்ல. கோயில்ல போயி ஐயரக் கேளு, பைரவரு எந்தச் சாதி நாயில ஏறி வர்றாருன்னு. நம்ம டவுனுக்கு மேல ஒரு குன்னே அவரு பேருல இருக்கு. பகிரவகந்தையில இப்ப பெரிய புத்தரு வெள்ளையா ஒக்காந்திருக்காரு, கீழ படியில ஊர் நாய்க படுத்திருக்குக. தருமர் சொர்க்க வாசலுக்குப் போனப்பவும் பின்னால வந்த நாய வெளிய விட்டுட்டு வான்னுதான் இந்திரன் சொன்னான். முன்னங்கால் சரியா இருக்கான்னு அவனும் பாக்கல.

உனக்கு இன்னொன்னு சொல்லணும், இத மட்டும் சிரிக்காம கேளு. போன்ல பொத்தான அமுக்கினா குட்டி வருது. நெசத்துல 63 நாள். போன்ல பிடிக்காத குட்டிய 'ரிலீஸ்' பண்ணிடுற, அது எங்க போகுதுன்னு உனக்குக் கவலை இல்ல, போக எடமும் இல்ல. நெசத்துல அது பஸ் ஸ்டாண்டுல போயி நிக்குது. நீ பண்ற வேலைய நம்ம டவுன்ல சில பேரு உசுருள்ள பெட்டைய வச்சு பண்றாங்க. பின் பக்கம் தகரக் கொட்டகை, கம்பிக் கூண்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் குட்டி. கண்டியக் குளிர் ஊருன்னு நம்பி சைபீரியா ஹஸ்கிய வாங்கி, மத்தியானம் சீமெந்துத் தரையில நாக்கத் தொங்கப் போட வைக்கிறாங்க. புல்டாக் வாங்கினவன் பேராதெனிய மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தே தேய்ஞ்சு போறான். மூஞ்சி அமுங்க அமுங்க அழகுன்னு எடுத்ததுல மூச்சுக்கொழாயும் அமுங்கிப்போச்சு. தலை பெருத்ததால ஆத்தாளுக்குப் பிரசவமும் பெரும்பாலும் கத்தியிலதான். நாடு முழுக்க மிருக வைத்தியரப் படிக்க வைக்கிற ஒரே பீடம் நம்ம பேராதெனியவுல இருக்கு. அங்க இருந்து கூப்பிடு தூரத்துலதான் இந்தக் கூண்டும் இருக்கு.

அதனால என் தீர்ப்பு: நீ போன்லயே வளத்துக்க. அண்ணனுக்குத் தங்கச்சியக் கட்டு, வாலை முறுக்கு, மூக்கை அமுக்கு, புள்ளிய எண்ணு. வலிக்கிறதுக்கு அங்க யாரும் இல்ல. உன் ஆசை அங்கேயே தீந்துபோனா நாட்டுல ஒரு கூண்டு கொறையும். ஏ.எல். பயோலஜிப் பரீட்சையில மெண்டல் கேள்வி வந்தா நாலு மார்க்கும் தேறும், ஆத்தாகிட்ட அதையே காரணமா சொல்லிக்க. தங்கக் காசுக்கு மட்டும் ரீலோட் போடாத. பிஸ்கட்காரன் பொழைச்சது போதும்.

இத வாசிக்கிற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்க லயத்துல ஒரு ஊர்ப் பெட்டை அஞ்சு குட்டி போட்டிருக்கு. ரெண்டு பெட்டை, மூணு கடுவன், ஒன்னு வரிப்புலி நெறம். கண்ணு தொறந்து, பால் மறந்து, சோறு திங்குதுக. அப்பன் யாருன்னு லயத்துல ஒவ்வொருத்தரும் ஒரு பேரு சொல்றாங்க, காகிதம் கேக்காதீங்க. காசு வேணாம். கட்டிப் போட்டே வளக்கிறவங்க வர வேணாம். கூட்டிட்டுப் போறவங்க, அரசாங்கம் விசர்நாய் ஊசிய இலவசமாத்தான் போடுது, வருசம் தவறாம அதப் போட்டுருங்க. பெட்டை எடுத்தா கருத்தடையும் செஞ்சிருங்க. ஞாயித்துக்கெழமை காலையில வந்தா நான் வீட்டுலதான் இருப்பேன்.